நீலம் போகாத பரீட்சை

கம்ப்யூட்டரில் எச்சில் துப்ப முடியாது. போன மாதம் நான் இதைச் சொன்னதும் எங்கள் உயிர்வேதியியல் துறையில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக அந்தக் கல்லூரிக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் ஆய்வகம் திறந்திருக்கிறார்கள். திரையில் ஒரு சோதனைக்குழாய், ஒரு பாட்டில், மூலையில் ஒரு கடிகாரம். எச்சில் பாட்டிலைத் தொட்டு இழுத்து மாவுக் கரைசலில் விட்டால், சரியாக ஐந்து நிமிடத்தில் நீல நிறம் மறைந்துவிடுகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் நந்தினி பெருமையோடு காட்டினாள். "மேடம், இதுல தப்பே ஆகாது. நூறு வாட்டி பண்ணாலும் அஞ்சு நிமிஷம்தான்."

"அதாம்மா எனக்கு பயமா இருக்கு" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, "இதை எழுதிக் குடுங்க மேடம், டிபார்ட்மெண்ட் மலர்ல போடலாம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. என் பிரஷர் மாத்திரைகூட போனில் சொன்னால்தான் வீட்டுக்கு வருகிறது.

என் பெயர் எஸ்தர். கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். நான் பி.எஸ்ஸி. முடித்து, பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். முதல் ஆறு வருடம் தினமும் ரயிலில் போய் வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு தொம்மலூரில் குடித்தனம். முப்பத்தொரு வருடம் ஒரே ஆய்வகம், ஒரே கழுவுதொட்டி. இதற்கு மேல் என் வாழ்க்கை வரலாறு யாருக்கும் வேண்டாம்.

எங்கள் துறைத்தலைவர் வேதவல்லி மேடம். அவருடைய தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து தங்கிய குடும்பம். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார், அவருக்கே தெரியாது. திட்டவே மாட்டார். அது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. நான் கழுவி அடுக்கிய சோதனைக்குழாய்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். எங்காவது திட்டுத்திட்டாக நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழாயை ஒரு வார்த்தை பேசாமல் என் மேஜையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். முதல் மாதம் என் மேஜையில் கை வைக்க இடமில்லை.

அவர் பாடம் நடத்தும் முறை ஒன்றுதான். "ரெண்டு வெச்சுப் பாரு" என்பார். அதற்கு மேல் விளக்கமாட்டார்.

சேர்ந்த வருடமே எனக்கு அந்தப் பாடம் கிடைத்தது. மாணவிகள் இரத்தத்தின் சிவப்பணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வகுப்பு. இரத்தத்தைக் கலக்க வேண்டிய உப்புக்கரைசல் தீர்ந்துவிட்டது. அதற்கென்ன, சுத்தத்திலும் சுத்தம் காய்ச்சி வடித்த வாலைவடிநீர்தானே என்று அதை எடுத்து பாட்டிலில் நிரப்பிவிட்டேன். வகுப்பில் யாருக்கும் ஒரு அணுகூடத் தெரியவில்லை. மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "எஸ்தர், செல்லெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

இரண்டு கண்ணாடித் தகடு வைக்கச் சொன்னார். ஒன்றில் உப்புக்கரைசல், இன்னொன்றில் வாலைவடிநீர், இரண்டிலும் என் விரலிலிருந்தே ஒரு சொட்டு இரத்தம். முதலாவதில் அணுக்கள் நடுவில் குழிந்த வட்டு வட்டாகக் கிடந்தன. இரண்டாவதில் வெறும் வெளிர்சிவப்புத் தண்ணீர். செல்லுக்கு உள்ளே உப்பும் சத்தும் கரைந்திருக்கின்றன. வெளியே ஒன்றுமே கரையாத தண்ணீர். தண்ணீர் செல்சவ்வைத் தாண்டி உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், செல் ஊதி ஊதி வெடித்துவிடும். சவ்வூடுபரவல் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான். எழுதினேனே தவிர, சுத்தமான தண்ணீர் ஒரு உயிரணுவைக் கொல்லும் என்று அன்றுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

அப்படிப்பட்ட நான்தான் பின்னால் அந்தப் பெரிய தப்பைச் செய்தேன். அதுவும் அதே உப்பு விஷயத்தில். மரமண்டை என்று என்னை நானே திட்டிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு.

எச்சில் சோதனை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளச் சங்கிலி. அது சுருண்டிருக்கும்போது உள்ளே அயோடின் புகுந்தால் கருநீலமாகத் தெரியும். நம் எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். துண்டுகள் சின்னதாக ஆக ஆக நீலம் ஊதாவாகும், பிறகு செம்பழுப்பாகும், கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

செய்முறை மேடத்தின் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு கிராம் மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் குழைத்து, கொதிக்கும் நூறு மில்லி நீரில் ஊற்றிக் கிளற வேண்டும். ஆறியதும் கொஞ்சம் சாப்பாட்டு உப்பு. வாயை நன்றாகக் கொப்பளித்து, வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு நிமிடம் வாயில் வைத்திருந்து பீக்கரில் துப்பி, பஞ்சில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து ஐம்பது மடங்கு நீர்க்கவைக்க வேண்டும். உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர்த்தொட்டியில் மாவுக் கரைசலை நிற்கவைத்து அதில் எச்சிலைக் கலக்க வேண்டும். குழிகள் உள்ள வெள்ளைப் பீங்கான் தட்டில் குழிக்கு ஒரு சொட்டு அயோடின். நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து அடுத்த குழியில் விட வேண்டும்.

நான் அந்த உப்பை விட்டுவிட்டேன். அதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் காய்ச்சி வடிக்கும் கருவி ஒரு சோம்பேறி. நாளெல்லாம் ஓடினால் இரண்டு கேன் தரும். கோடையில் அதுவும் இல்லை. அதனால் வடிநீரை அளவுச் சோதனைகளுக்காகப் பூட்டி வைத்துவிட்டு, மாவுக் கரைசலுக்கும் எச்சிலை நீர்க்கவைப்பதற்கும் போர்வெல் தண்ணீரையே பிடித்துவிடுவேன். கெட்டிலில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டும் தண்ணீர். ஒரு வருடம் உப்பு டப்பா காலி. போடாமலே செய்தேன். நீலம் ஐந்து நிமிடத்தில் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டது. சரி, மேடம் ஏதோ பழைய பழக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று நினைத்து அதோடு நிறுத்திவிட்டேன். சுவர்த்தாளை யாரும் படிப்பதில்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம் என்று எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சீனியர்களின் ரெக்கார்டு நோட்டு ஜூனியர்களுக்குக் கைமாறும். அதில் எல்லாச் சோதனைக்கும் விடை இருக்கும். எச்சில் சோதனைக்கு ஐந்து நிமிடம். தட்டில் என்ன நடந்தாலும் நோட்டில் ஐந்து நிமிடம். எனக்குத் தெரியாதா? தெரியும். "அஞ்சு நிமிஷம் வரும், எழுதிட்டு கிளம்புங்கடி, எனக்கு வீட்டுக்கு நேரமாச்சு" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

என் இருபதாவது வருடத்தில் ஆய்வகத்துக்குப் புதிய நீர் சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது. குழாயைத் திறந்தால் உப்பே இல்லாத தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பூட்டைத் தூக்கிப்போட்டேன். அந்த வருடம் எல்லாக் கரைசலையும் அதிலேயே செய்தேன், மாவுக் கரைசல் உட்பட. வகுப்பு முடிந்து தொட்டியில் கிடக்கும் தட்டுகள் எல்லாம் நீலமாகவே இருந்ததைப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே கழுவினேன்.

பிறகு இறுதியாண்டு செய்முறைப் பரீட்சை வந்தது. முப்பத்து மூன்று மாணவிகள். எல்லாருக்கும் எச்சில் சோதனை. அதில் ஒருத்தி மஞ்சுளா. வீடு அடுகோடியில். அப்பா லேத் பட்டறையில் வேலை. பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, இந்த முறையே எல்லாவற்றிலும் பாஸாக வேண்டும். துறை முழுவதற்கும் மைசூர்பாகு கொடுத்திருந்தாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போக அம்மா இரண்டு சுடிதார் தைத்து வைத்துவிட்டார்கள் என்று வெட்கத்தோடு சொல்லியிருந்தாள்.

காலை பரீட்சை முடியப்போகும் நேரத்தில் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், முப்பது நிமிஷம் ஆயிடிச்சி. இன்னும் நீலமாவே இருக்கு. லேசா ஊதா வந்திருக்கு, அவ்ளோதான்."

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்னு எழுதுடி. எல்லாரும் எழுதிட்டாங்க பாரு" என்றேன்.

"நான் பாக்கலையே மேடம்."

"இன்னாடி இது, இப்ப போய் வம்பு பண்ற? காலையில காரமா எதுனா தின்னியா? வாய சரியா கொப்பளிக்கல நீ."

"நல்லாத்தான் கொப்பளிச்சேன் மேடம். ரெண்டாவது வாட்டியும் பண்ணிட்டேன். அதே நீலம்தான். பாக்காதத எப்படி எழுதறது?"

அவள் குரலில் திமிர் இல்லை. உண்மையிலேயே எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். எனக்குத்தான் எரிச்சல் வந்தது. "உன் இஷ்டம்" என்று திரும்பிக்கொண்டேன். அவள் போய், முப்பது நிமிடம் வரை நிறம் மறையவில்லை, இரண்டு முறை செய்தும் அதே, என்று எழுதினாள். கீழே 'காரணம்' என்ற இடத்தை வெறுமையாக விட்டாள்.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாள்களைத் திருத்தினார். கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. மஞ்சுளாவின் தாளைத் தனியாக எடுத்து மேடத்திடம் நீட்டினார். அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். "முப்பத்திரண்டு பேருக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு நிமிடம். இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் வரவே இல்லை. சோதனையே செய்யத் தெரியவில்லை. பூஜ்யம்தான் போட வேண்டும். பாஸாக வழியில்லை." மதிப்பெண் பட்டியலை ஐந்து மணிக்கு உறையிலிட்டு ஒட்ட வேண்டும். அப்போது மணி இரண்டேகால். வாய்மொழித் தேர்வுக்காக மாணவிகள் எல்லாரும் வெளியே மரத்தடியில் காத்திருந்தார்கள்.

மேடம் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தர், ஸ்டார்ச் நீதானே பண்ணின? எப்படிப் பண்ணின, சொல்லு."

நான் பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். மாவு, குளிர்ந்த நீர், கொதிநீர், ஆறவைத்தல்.

"உப்பு?"

போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்த்தவர் யாரும் இல்லை. என் பதவி உயர்வுக் கோப்பு பிரின்சிபால் மேஜையில் இருந்தது. இருபது வருடம் காத்திருந்து வந்த கோப்பு. அந்தக் கணத்தில் நான் பெரிய நியாயவாதியாக ஒன்றும் நிற்கவில்லை, பொய்தான் முதலில் வாய்க்கு வந்தது. ஆனால் அந்த இரண்டு சுடிதார் கண்முன்னால் வந்து நின்றது. பெட்டிக்குள் மடித்து வைத்த மடிப்புக் கலையாத சுடிதார்.

"போடல மேடம். ரொம்ப வருஷமாவே போடறதில்ல. போர்வெல் தண்ணியில நல்லா வந்துது. இந்த வருஷம் புது மெஷின் தண்ணி..." சொல்லச் சொல்ல எனக்கே புரிந்துவிட்டது. எத்தனை மாதமாகத் தொட்டியில் நீலத்தட்டு கழுவினேன்!

அமைலேஸ் ஒரு புரதம். நூலுண்டை போல மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் ஒரு இடத்தில் உப்பிலிருந்து வரும் குளோரைடு போய் உட்கார்ந்தால்தான் அதன் கத்தரி சரியாக வெட்டும். இல்லாவிட்டால் ஆமை வேகம். எச்சிலிலும் கொஞ்சம் உண்டு, ஆனால் ஐம்பது மடங்கு நீர்த்த பிறகு அது எந்த மூலைக்கு? இத்தனை நாளும் போர்வெல் தண்ணீரில் இருந்த உப்புதான் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

மேடம் என்னைத் திட்டவில்லை. தேர்வாளரிடம் வாதாடவும் இல்லை. "சார், கொஞ்சம் வாய் கொப்பளிச்சுட்டு வரீங்களா?" என்றார்.

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நானா?" என்றார். "உங்க எச்சில்தான் சார். பிள்ளைங்க எச்சில்னா நீங்க நம்ப மாட்டீங்க." கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, தொட்டிக்குப் போய்க் கொப்பளித்து, பீக்கரில் துப்பினார். வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே துப்பினார்.

அதை அதே மெஷின் தண்ணீரில் ஐம்பது மடங்கு நீர்க்கவைத்து, இரண்டு குழாய் வைத்தேன். இரண்டிலும் காலையில் நான் செய்த அதே மாவுக் கரைசல். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு தட்டு. குச்சியை மேடம் வாங்கிக்கொண்டார். முதல் நிமிடம், இரண்டும் நீலம். இரண்டாவது நிமிடம், உப்பு போட்டதில் ஊதா. மூன்றாவதில் செம்பழுப்பு. நான்காவதில் மஞ்சள். உப்பில்லாத தட்டு நாவல்பழம் போல நீலமாகவே நின்றது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினைந்து நிமிடம் வரை தாமே நின்று சொட்டு விட்டார். நீலம், நீலம், நீலம்.

நிமிர்ந்தவர் மஞ்சுளாவின் தாளைக் கீழே வைத்துவிட்டு, மற்றக் கட்டைத் தூக்கினார். "அப்படியானால் இந்த முப்பத்திரண்டு பேருக்கு ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது?"

ஒருத்தியைக் காப்பாற்றப் போய் ஒரு வகுப்பையே கவிழ்க்கப் பார்த்தேன்.

மேடம் சொன்னார்: "அவங்க பண்ணது தப்புதான் சார். ஆனா அதை வருஷா வருஷம் இங்க பழக்கினது நாங்க."

"நான்தான் சார்" என்றேன். "நான்தான் அப்படி எழுதச் சொல்லுவேன். இன்னைக்குக் காலையிலகூட இந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அவதான் கேக்கல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரையும் கூப்பிடுங்கள். கரைசலில் உப்பைப் போடுங்கள். மறுபடி செய்யட்டும். காலையில் எழுதியதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்."

மரத்தடிக்கு நானே போனேன். என் தப்பு என்று முப்பத்து மூன்று பேரிடமும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களுக்கும் தெரியுமே.

அன்று மதியம் போல ஒரு சோதனையை என் காலத்தில் நான் பார்க்கவில்லை. ஒருத்திக்கு மூன்று நிமிடம். ஒருத்திக்கு ஏழு. ஒருத்திக்குப் பதினொன்று. நிஜமான வாயிலிருந்து வரும் நிஜமான எண்கள் அப்படித்தான் இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. தேர்வாளர் உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொருத்தியிடமும் போய், உனக்கு ஏன் பதினொன்று, உனக்கு ஏன் மூன்று என்று கேட்டார். அதுவே வாய்மொழித் தேர்வாகிவிட்டது. ஒருத்தி தண்ணீர்த்தொட்டியின் சூட்டைப் பார்க்காமல் விட்டிருந்தாள். ஒருத்தி எச்சிலைச் சரியாக நீர்க்கவைக்கவில்லை. காரணத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

மஞ்சுளா மறுபடி செய்ய வேண்டியதில்லை என்று மேடம் சொன்னார். அவள் கேட்கவில்லை. "நானும் பாக்கணும் மேடம்" என்று செய்தாள். நான்கு நிமிடம் இருபது நொடி. மஞ்சள் வந்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அதைத் தாளில் எழுதினாள். காலையில் எழுதிய முப்பது நிமிடத்தை அடிக்கவில்லை. இரண்டும் மேலும் கீழுமாக இருந்தன.

"முதலாவதை அடித்துவிடலாமே" என்றார் தேர்வாளர்.

"அதுவும் நான் பாத்ததுதானே சார்" என்றாள்.

அவர் தாளைத் திருப்பினார். முதல் சோதனைக்குக் கீழே 'காரணம்' வெறுமையாகவே இருந்தது. மேடம் தம் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். "எஸ்தர், இது நீ எழுத வேண்டியது."

விதிப்படி அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆய்வக ஊழியர் பரீட்சைத் தாளைத் தொடுவதே கிடையாது. மாவுக் கரைசலில் உப்பு சேர்க்கப்படவில்லை, தயாரித்தது நான், என்று கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேர்வாளர் படித்துப் பார்த்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தம் கையெழுத்தைப் போட்டார். அதற்குப் பிறகுதான் மேலே மதிப்பெண் போட்டார். முழு மதிப்பெண்.

மஞ்சுளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வயதில் நான் அவள் முன்னால் அழுதேன், சொல்வதற்கென்ன. அடுத்த வாரம் பிரின்சிபாலிடமிருந்து எனக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. மதிப்பெண் பட்டியல் மட்டும் தள்ளிப்போகவில்லை. அன்று ஐந்து மணிக்கு உறையை ஒட்டி அரக்கு வைத்தவள் நான்தான். உள்ளே முப்பத்து மூன்று பெயர்கள், எல்லாம் பாஸ், எல்லாம் நிஜம்.